திருத்தாமல் பிறந்தவள்

பரம்பரையில் ஒளிந்திருந்த மாலைக்கண் அக்காவுக்கு வந்துவிட்டது. அதைக் கண்டு பயந்த பெற்றோர், தம்பி கருவாக இருந்தபோதே மருத்துவரிடம் மரபணுவைத் திருத்தச் சொன்னார்கள். அவன் நல்ல கண்ணோடு பிறந்தான். அதன்பின் அந்த வீட்டில் தான் மட்டுமே ஒரு பிழை என்று அவளுக்குத் தோன்றியது. யாரிடமும் சொன்னதில்லை.

ஒருநாள் தையற்கடையில் வேலை முடிவதற்குள் இருட்டிவிட்டது. வாசல் சுவரைத் தடவியபடி நின்றவளை வீட்டுக்கு அழைத்துப்போகத் தம்பி வந்தான்.

"உனக்கெதுக்குடா இந்த வேலை? நீ திருத்தின பிள்ளை. வேகமா நடந்து போ."

"லூசு அக்கா! நீ முன்னாடி பிறந்து கஷ்டப்பட்டதாலதான் எனக்கு இந்தக் கண்ணு. இதுல பாதி உன்னோடது. தோளைப் பிடிச்சுக்கோ."

அவள் பிடித்துக்கொண்டாள். நல்ல கண்ணை மருத்துவர் கொடுத்துவிடலாம். நல்ல மனதை ஆண்டவன்தான் கொடுக்க வேண்டும்.

"பள்ளம், பார்த்து" என்றான் தம்பி. அவள் காலைத் தூக்கி வைத்தாள்.