வாழ்த்துக்கு ரெண்டை அழுத்தவும்

கொடைக்கானல் மலைமேல் இருக்கும் கூக்காலில் யாரும் போனை எடுத்துப் பேசுவதில்லை. பஸ் ஊர் சேர்ந்தால் ஒரு மிஸ்டு கால், மாடு கன்று போட்டால் ஒரு மிஸ்டு கால், பிள்ளை பாஸானால் ஒரு மிஸ்டு கால். பேசுவது இலவசம் என்றாகிப் பல வருஷமாச்சு, பழக்கம் போனால்தானே!

மகாதேவியின் சாஃப்ட்வேரே இந்தப் பழக்கத்தின் மேல்தான் நின்றது. சென்னைக் கம்பெனியில் எட்டு வருஷம் குப்பை கொட்டிவிட்டு ஊர் திரும்பியவள் அவள். காய் ஏற்ற வண்டி வேண்டுமா? அவள் கொடுத்த நம்பருக்கு ஒரு மிஸ்டு கால் போதும். கம்ப்யூட்டர் எண்ணிக்கொள்ளும். ஒரு மிஸ்டு காலுக்கு ஒரு பிக்கப் வண்டி, மறுநாள் வெள்ளனே பெருமாள்மலையிலிருந்து வந்து ஒட்டன்சத்திரம் சந்தைக்கு ஏற்றிப் போகும்.

"கோஸ் ஏத்துறதுக்கெல்லாமா சாஃப்ட்வேர்?" என்று பழைய மேனேஜர் சிரித்த சிரிப்பு அவள் காதைவிட்டுப் போகவில்லை. அதனால்தான், சாஃப்ட்வேர் துறையின் முன்னணிப் புள்ளிகள் பத்துப் பேரை ஒரு பத்திரிகை தேடுகிறது என்றதும் விண்ணப்பம் போட்டாள். 'உங்களை முன்னணியில் நிறுத்துவது எது?' என்ற கேள்விக்கு, 'என் சாஃப்ட்வேர் இதுவரை ஒரு தப்புக்கூடச் செய்ததில்லை' என்று எழுதினாள். வாய்க்கொழுப்பு, வேறென்ன! கடைசிச் சுற்றுக்குத் தேறினாள். நடுவர் ரேவதி நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். பட்டியலில் பெயர் வந்தே ஆகவேண்டும் என்று மகாதேவிக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

அம்மா அன்னக்கொடி சும்மா இருப்பாளா? "நாளைக்கு எம் மகளைப் பாக்கப் பெரிய ஆளு வர்றாங்க. மறக்காம எல்லாரும் வாழ்த்திப்புடுங்க!" என்று ஊர் முழுக்கத் தண்டோரா போட்டாள்.

அன்று சாயங்காலம் கம்ப்யூட்டரில் எண்ணிக்கை எகிறியது. பூண்டு எடுப்பு மும்முரம்போல, நடுவர் பார்த்து அசரட்டும் என்று மகாதேவி பூரித்துப்போனாள்.

விடிந்து பார்த்தால் ஏரிக்கரையிலிருந்து ரோட்டு வளைவுவரை நாற்பத்தொரு வண்டிகள். ஏற்ற ஒரு மூட்டை இல்லை. கடைசி வண்டிக்குப் பின்னால் ரேவதியின் கார் மாட்டிக்கொள்ள, அவர் இறங்கி நடந்தே வந்தார்.

"ஏந்தாயி, இருந்த சோலியெல்லாம் விட்டுட்டு வெரசா வந்தா, இங்க ஒரு பூண்டைக்கூடக் காணோம்? வெளையாடுறியா?" என்று எகிறினார் டிரைவர் பொன்னுவேல்.

பக்கத்து வீட்டுக் கந்தம்மாள் தயங்கித் தயங்கி முன்னால் வந்தாள். "நாந்தான் ஒரு மிஸ்டு கால் விட்டேன் தாயி, நீ ஜெயிக்கணும்னு. உன் நம்பர்னு எங்கிட்ட இருக்கிறது அந்த வண்டி நம்பர் ஒன்னுதானே?" பின்னாலேயே, நானும் நானும் என்று கைகள் உயர்ந்தன.

மகாதேவிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. பக்கத்தில் ரேவதி நோட்டும் கையுமாக நின்றார். 'டவர் கோளாறு' என்பது நுனிநாக்குவரை வந்துவிட்டது. மலையில் அதைச் சொன்னால் நம்பாதவர் உண்டா? ஆனால் டீகூடக் குடிக்காமல் கிளம்பி வந்த பொன்னுவேலின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"தப்பு என்னோடதுண்ணே. மிஸ்டு கால்னா வண்டிக்குத்தான்னு நானா முடிவு கட்டிட்டேன். இந்த ஊர்ல பொறந்தவ, எனக்குத் தெரிஞ்சிருக்கணும். மன்னிச்சுக்கங்க."

"அப்போ ஃபார்ம்ல எழுதியிருந்தது?" என்று கேட்டார் ரேவதி.

"அதுவும் தப்புதான் மேடம்."

வெட்கப்பட்ட சனம் தோட்டத்துக்கு ஓடியது. மத்தியானத்துக்குள் பதினேழு வண்டி நிறைந்தது. மற்றவை காலியாகத் திரும்பின, பொன்னுவேலின் வண்டியும்தான்.

அந்த வாரமே மகாதேவி சாஃப்ட்வேரை மாற்றினாள். மிஸ்டு கால் விட்டால் இப்போது கம்ப்யூட்டரே திருப்பிக் கூப்பிட்டுப் பேசும்: "வண்டி வேணும்னா ஒன்னை அழுத்துங்க. வாழ்த்துன்னா ரெண்டை அழுத்துங்க." அந்தப் போனை எடுக்கவைக்க அவள் வீடு வீடாக நடக்கவேண்டியிருந்தது.

அடுத்த மாதம் பட்டியல் வந்தது. அவள் பெயர் இல்லை. பத்துப் பெயரையும் இரண்டு தடவை படித்துவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

கம்ப்யூட்டர் 'டிங்' என்றது. பொன்னுவேல், ரெண்டு. ஊர் வழக்கத்தை மீறி அவரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, எம் பேரு வரலண்ணே. தெரியாம அழுத்திட்டீங்களா?"

"வரலன்னு கேள்விப்பட்டுத்தான் அழுத்துனேன் தாயி. வந்திருந்தா ஊரே அழுத்தியிருக்கும், நான் எதுக்கு?"