சட்டி கழுவும் பந்தயம்

ஞாயிற்றுக்கிழமை மாமன் மருமகன் சோடிகளுக்கான பட்மின்டன் போட்டி. சண்முகநாதனுக்கு அது விளையாட்டல்ல, குடும்ப மானம். போன வருடம் உரும்பிராய் ஊரே பார்த்திருக்கக் கிண்ணத்தை அள்ளிக்கொண்டு போனவர் பக்கத்து வளவு நமசிவாயம். இந்த வருடம் சண்முகநாதனுக்கும் ஒரு மருமகன் வாய்த்திருந்தான். மானிப்பாயில் பெயரெடுத்த ஆட்டக்காரன், வாகீசன்.

ஆனால் முற்றத்தில் வலை கட்டிப் பயிற்சி தொடங்கியதும் அவருக்கு எரிச்சல் வந்தது. மருமகன் பந்தை அவருடைய மட்டைக்கே கொண்டுவந்து வைத்தான். சற்றுத் தள்ளி விழுந்தால், “மன்னிக்கோணும் மாமா” என்றான்.

“தம்பி, நீர் பந்து அடிக்கிறீரோ, வெத்திலைத் தட்டம் நீட்டுறீரோ? நமசிவாயம் உப்பிடியே அடிப்பான்?”

“பெரியாக்களுக்கு எப்பிடி மாமா ஓங்கி அடிக்கிறது?”

படியில் இருந்த மகள் சாருஜா சிரித்தாள். “அப்பா, பந்தயம் வையுங்கோ. தோக்கிறவர் கிணத்தடியிலை மத்தியானச் சட்டி பானை முழுக்கக் கழுவோணும். நான் வீடியோ எடுத்து மானிப்பாய் மாமிக்கு அனுப்புவன்.”

சண்முகநாதன் திடுக்கிட்டார். மருமகன் கை கழுவ மற்றவர்கள் செம்பில் தண்ணீர் எடுத்துக் கொடுக்கிற வீடு அது. வாகீசனோ அந்த வீடியோவைத் தன் தாய் பார்ப்பதை நினைத்து மட்டையை இறுக்கிப் பிடித்தான்.

அடுத்த பந்து சண்முகநாதனின் நெஞ்சில் வந்து அறைந்தது.

“அப்பிடி அடியும்!” என்று அவர் துள்ளினார்.

மரியாதைக்காக விட்டுக்கொடுத்திருந்த புள்ளிகளை வாகீசன் ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். இருவரும் சமமானார்கள். “கடைசிப் புள்ளி!” என்று சாருஜா கத்தினாள். பந்து வலைக்கு மேலே வாகாக எழுந்தது. ஓங்கி அடித்தால் மருமகன் சட்டி கழுவுவான். ஊர் என்ன கதைக்கும்? தட்டி விட்டால் பயிற்சி மறுபடியும் பொய். சண்முகநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு ஓங்கி அடித்தார்.

வாகீசன் கிணற்றடியில் குந்தியிருந்து அடிப்பிடித்த சட்டியைத் தேங்காய்ப் பொச்சால் தேய்க்கையில், வேலிக்கு மேலே நமசிவாயத்தின் தலை தெரிந்தது.

“என்ன சண்முகம், மாப்பிள்ளையை உப்பிடியே வேலை வாங்கிறது?”

சண்முகநாதனுக்குக் காது சிவந்தது. ஆனாலும் முதுகை நிமிர்த்தினார்.

“ஓம், என்னட்டைத் தோத்தவர், கழுவுறார். உம்மடை மருமகன் உமக்கு எப்பவாவது உண்மையாப் பந்து அடிச்சவரோ?”

நமசிவாயத்தின் தலை வேலிக்குக் கீழே போய்விட்டது.

வாகீசன் கரி பூசிய முகத்தோடு எழுந்தான். “மாமா, பின்னேரம் இன்னொரு ஆட்டம். இரவுச் சட்டி உங்களுக்குத்தான்.”

“வாரும் பாப்பம்!” என்று சண்முகநாதன் மட்டையைத் தேடினார்.