மைனஸ் நானூற்றிருபது

மாதம் ஒருமுறை அந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் கார் நிறுத்துமிடத்துக்கு மீட்டரோடு போவது அவள் வேலை. அங்கே தூண்களுக்குள், கம்பியோடு கம்பியாகக் கட்டி, மேலே கான்கிரீட் போட்டு மூடிய சென்சார்கள் இருந்தன. அவற்றை வைத்தவர் அவள் கணவர். அவர் இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. கம்பி துருப்பிடிக்கப் பிடிக்க மீட்டரில் எண் மைனஸ் பக்கம் ஆழமாகப் போகும். முந்நூற்றைம்பதைத் தாண்டினால் உள்ளே துரு என்று பெரும்பாலும் முடிவு கட்டிவிடலாம். ஏழாம் தூண் மூன்று மாதமாக மைனஸ் நானூற்றிருபதில் நின்றது.

கட்டடச் சங்கத்தின் செயலாளர் வேறு யாருமல்ல, அவள் கொழுந்தன்தான். அவன் அந்த எண்ணைச் சுற்றிப் பச்சை மையால் வட்டம் போட்டு, ‘தூண் 7: நல்ல முன்னேற்றம்’ என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தான்.

“போன வருஷம் மைனஸ் இருநூறு. இப்ப அதைவிடக் குறைவு. நல்லதுதானே அண்ணி?”

“இறங்கினா சந்தோஷப்பட இது காய்ச்சல் இல்ல தம்பி. திங்கக்கிழமை அந்தத் தூணுக்கு நேர் மேல, மொட்டை மாடியில அவ்வளவு பெரிய தண்ணித் தொட்டிய ஏத்தப்போறீங்க. அதுக்குள்ள ஒரு கை அகலம் உடைச்சுப் பாத்துடலாம்.”

“உடைக்கவா? போன வாரம்தான் பெயின்ட் அடிச்சோம்! அண்ணன் வச்ச சென்சாருக்கும் வயசாகுதில்ல, உளறும்.”

“உங்கண்ணன் ஆயிரம் உளறியிருக்கார். அவர் வச்சது உளறாது.”

தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

சனிக்கிழமை காலை அவள் யாரையும் கேட்கவில்லை. சுத்தியலும் உளியும் கொண்டுவந்தாள். மூன்றாவது அடியிலேயே ஒரு பாளம் பெயர்ந்து விழுந்தது.

“ஐயோ பெயின்ட்!” என்று ஓடிவந்த கொழுந்தன் அப்படியே நின்றான். கட்டைவிரல் கனத்துக்கு இருக்கவேண்டிய கம்பி பென்சில் கனத்தில் இருந்தது. தொட்டுப் பார்த்தான். செதில் செதிலாகக் கையோடு வந்தது.

கைபேசியை எடுத்து, கிரேன்காரரைத் திங்கட்கிழமை வரவேண்டாம் என்றான். பிறகு அவள் பக்கம் திரும்பினான்.

“ஏன் அண்ணி, இதை முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?”

அவள் சட்டென்று பக்கவாட்டில் பார்த்தாள். தம்பி இப்படி எதையாவது சொல்லும்போதெல்லாம் அங்கே ஒருவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவள் கண்ணுக்காகக் காத்து நிற்பார்.

யாரும் இல்லை.

“முதல்ல உங்க காரை வெளிய எடுங்க தம்பி,” என்றாள்.