திருத்தணிக்குப் போன இரண்டாம் பாகம்

சித்தூர் நூலகத்தில் பங்குச் சந்தைப் புத்தகத்தின் முதல் பாகத்தை மூன்று தடவை படித்துவிட்டு, ஒரு தேயிலைக் கம்பெனியின் பங்குகளை வாங்கினேன். விலை ஜிவ்வென்று ஏறியது! விற்கும் விதமோ இரண்டாம் பாகத்தில் இருந்தது. ஆந்திர எல்லையைப் பிரித்தபோது அது திருத்தணியோடு மெட்ராஸ் பக்கம் போய்விட்டதாம். ஊரைப் பிரிக்கலாம், புத்தகத்தையுமா பிரிப்பார்கள்? பங்குப் பத்திரத்தைப் பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

நான் சித்தூர் டீச்சர் யூனிஸ் என்றதும், திருத்தணி நூலகர் சிட்டிபாபு துள்ளி எழுந்தார்.

"ஆறு மாசமா ரெண்டாம் பாகத்தைத்தான் படிச்சிக்கினு இருக்கேன் டீச்சர். விக்கறதைத் தலைகீழா ஒப்பிப்பேன். வாங்கத்தான் தெரியல. முதல் பாகம் கொண்டாந்தீங்களா?"

பத்திரத்தை மேஜைமேல் வைத்தேன்.

"வாங்கறதுக்குப் புத்தகம் எதுக்கு சார்? என்கிட்டயே வாங்குங்க!"