நாலும் சிவப்பு

ரங்கத் பஜாரில் புதிதாகத் திறக்கப்போகும் துணிக்கடையின் மொட்டை மாடியில் ஏ.சி. மெஷினுக்கு மெயின் கேபிளை முடுக்கிக்கொண்டிருந்த ஷெல்டன், ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் மணி பார்த்தான். மூன்று பேஸும் நியூட்ரலும் எர்த்தும் ஆயிற்று. பதினோரு மணி பஸ்ஸைப் பிடித்தால், போலீஸ் காவலோடு வண்டிகள் வரிசையாகப் போகிற மூன்று மணிக் கடைசி கான்வாயோடு காட்டைத் தாண்டிவிடலாம். அதை விட்டால் போயிற்று, மறுநாள் காலைவரை காட்டு ரோட்டின் கேட்டைத் திறக்கமாட்டார்கள். நாளைக் காலையில் போர்ட் பிளேரிலிருந்து சென்னைக்குக் கப்பல். ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடியில் பிள்ளைக்கு ஞானஸ்நானம். நாலு மாசப் பிள்ளையை இந்தத் தகப்பன் இன்னும் தூக்கிப் பார்த்ததில்லை. என்ன கொடுமை பாருங்கள், பிரசவத்துக்குக் கிளம்பியபோதும் இப்படித்தான் ஒரு மெஷின் குறுக்கே வந்து நின்றது.

பாக்கி இருந்தது கீழே சுவரில், குளிரைக் கூட்டிக் குறைக்கிற தெர்மோஸ்டாட் மட்டும். மாடியிலிருந்து அதற்கு இறங்கும் மெல்லிய ஒயர் நாலு. கரண்ட் வருவதற்கு ஒன்று, திரும்புவதற்கு ஒன்று, காற்றாடிக்கு ஒன்று, கம்ப்ரசருக்கு ஒன்று. நாலும் நாலு கலரில் இருக்க வேண்டும். ஆனால் கலர் ஒயர் மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வரவேண்டும், கப்பல் அதன் இஷ்டத்துக்குத்தான் வரும். கடையில் கிடைத்தது சிவப்பு, அதனால் நாலும் சிவப்பு. முதல் தடவை வேறு வழியில்லாமல் செய்தான். அடையாளத்துக்கு தெர்மோஸ்டாட் பக்கத்து நுனியில் முடிச்சு போட்டான். முடிச்சில்லாதது, ஒரு முடிச்சு, இரண்டு, மூன்று. பிறகு அவனுக்கு ஒரு குள்ளநரித்தனம் தோன்றியது. எந்த முடிச்சு எதற்கு என்பதைக் கட்டடத்துக்குக் கட்டடம் மாற்றினான். மற்றவனுக்குப் புரிந்துவிட்டால் அப்புறம் ஷெல்டனை யார் கூப்பிடுவார்கள்? ஆறு கட்டடம் ஆயிற்று. எங்கே கோளாறென்றாலும் அவன்தான் போகவேண்டும். அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது அவனுக்கு.

பத்தே காலுக்குக் கான்ட்ராக்டர் சிவஞானம் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். கையில் போன்.

"தம்பி, மாயாபந்தர் ஸ்கேன் சென்டர்ல தெர்மோஸ்டாட் போயிருச்சாம். சுபல் புதுசு மாட்டப் போனவன், இருந்த ஒயரைப் பூரா உருவிட்டு முழிக்கிறான். ஏ.சி. ஓடாம ஸ்கேன் மெஷினைப் போடமாட்டேங்குறாங்க. பிள்ளைத்தாச்சிங்க வெளிய உக்காந்திருக்காங்களாம்."

சுபல் அதே கம்பெனியில் ஸ்பிளிட் ஏ.சி. கழுவுகிற பையன்தான், வயதென்னவோ நாற்பது. சிவஞானம் நீட்டிய போனில் அவன்தான்.

"ஷெல்டன் தாதா, காண்ட் தியா ஹுவா ஹை. ஏக் காண்ட் வாலா கிதர் லகாவூங்?"

முடிச்சு போட்டிருக்கிறது அண்ணா, ஒரு முடிச்சு போட்டதை எங்கே மாட்டுவது என்று கேட்கிறான். ஷெல்டன் மனசுக்குள் ஒவ்வொரு கட்டடமாக எண்ணிப் பார்த்தான். மாயாபந்தரில் ஒரு முடிச்சு கரண்டா, திரும்புகிறதா? ரங்கத் பேங்கில் கரண்ட். பில்லி கிரவுண்டில் காற்றாடி. மாயாபந்தரில்? மழை பெய்தது ஞாபகம் இருந்தது, டீ குடித்தது ஞாபகம் இருந்தது. முடிச்சு மட்டும் ஞாபகமில்லை. மீட்டர் வைத்துப் பார்த்தால் ஐந்து நிமிஷ வேலை. கம்பெனிக்கு இருக்கிற ஒரே மீட்டர் அவனுடைய டூல்ஸ் பையில் இருந்தது, வேறொருத்தரையும் அவன் அதைத் தொட விட்டதில்லை.

"சொல்லு தம்பி. சொல்லிட்டு நீ பஸ்ஸுக்குப் போ, நான் தடுக்கல" என்றார் சிவஞானம்.

சொல்லிவிடலாம். ஒரு முடிச்சு கரண்ட் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு ஓடிவிடலாம். சரியாக இருந்தால் நல்லது. தப்பானால் போர்டு கருகும், புது போர்டு கப்பலேறி வரப் பதினைந்து நாள். அதுவரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அத்தனை பெண்களும் அந்த ரோட்டில் குலுங்கிக்கொண்டு போர்ட் பிளேருக்குப் போகவேண்டும். போன வருஷம் பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு அவன் மனைவி ஷெர்லின் அப்படித்தான் போனாள். தன்மேலேயே அவனுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"சுபல், ஹாத் மத் லகாவோ. மே ஆ ரஹா ஹூங்" என்றான். தொடாதே, வருகிறேன்.

"அப்ப கப்பலு?" என்றார் சிவஞானம்.

"கப்பலு நிக்குமாண்ணே நமக்காவ?"

கீழே இறங்கி, அந்த நாலு ஒயரையும் முடிச்சுப் போடாமலே மாட்டினான். ஒவ்வொன்றிலும் வெள்ளை டேப்பைச் சுற்றி, எது எதற்கென்று பேனாவால் பெரிதாக எழுதினான். அவசரத்தில் எழுத்து கோணிக்கொண்டு போயிற்று.

பஸ் ஸ்டாண்டில் தெற்கே போகிற பஸ் உறுமிக்கொண்டு நின்றது. அவன் வடக்கே மாயாபந்தர் போகிறதில் ஏறி உட்கார்ந்து, ஷெர்லினுக்கு வீடியோ போட்டான். எடுத்தாள். மடியில் பிள்ளை.

"ஷெர்லி, நான் என்ன சொல்லுதேன்னா…"

"வரலியளா?"

அவன் ஜன்னல் வழியே தெற்கே போகிற பஸ்ஸைப் பார்த்தான்.

"பரவால்ல. நேத்தே எங்க அண்ணன்ட்ட சொல்லிட்டேன், உங்க இடத்துல அவன் நிக்கட்டும்னு" என்றாள். கோபமே இல்லை அந்தக் குரலில். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை.

"நேத்தேவா?" என்றான்.

பிள்ளை எட்டிப் போனைப் பிடித்தது. சின்ன உள்ளங்கை கேமராவை மூடிக்கொள்ள, ஷெர்லினும் மறைந்தாள், வீடும் மறைந்தது. பஸ் கிளம்பிற்று. அந்தக் கையின் ரேகை ஒன்று திரையில் மங்கலாக அசைந்துகொண்டிருந்தது. சிக்னல் இருக்கும்வரை பார்த்துக்கொண்டே போனான்.