பக்கத்து வீட்டுப் பிள்ளை

கூடத்தில் இருந்தவர்கள்: பெண் கேட்டு வந்த ஹாஜி மிஸ்ஹர், அவர் குலத்துப் பெரியவர்கள் மூன்று பேர், மாப்பிள்ளை முஹன்னத். இந்தப் பக்கம் பெண்ணின் தகப்பன் ஃபாலிஹ், தாய்மாமன் தாமிர். திரைக்குப் பின்னால் அடுக்களையில் பெண் ஸுந்துஸும் அவள் அம்மா நஜாத்தும். பின்னறையில் ஷதா. அவளை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. சேர்க்கக் கூடாது என்பதுதான் ஏற்பாடு.

ஸுந்துஸுக்கு இருபத்தெட்டு வயது. பஸ்ராவில் அந்த வயதுக்கு மேல் பெண் கேட்டு வருகிறவர்கள் பெண்டாட்டி செத்தவர்கள்தான். முஹன்னத் அப்படியில்லை. துறைமுகத்தில் வேலை, பல் தெரியச் சிரிக்கிறவன். இவனும் போனால் இனி யாரும் வரமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

தங்கை ஷதாவுக்கு ஐந்து வயது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். தண்ணீர் வேண்டும் என்று கேட்கத் தெரியாது. அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போய்ப் பானைமேல் வைப்பாள். ஆனால் ஒருமுறை காதில் விழுந்த பேச்சு அவளிடமிருந்து போனதே இல்லை. தெருவுக்குக் கரண்ட் விற்கிற ஜெனரேட்டர்காரனோடு அப்பா போட்ட சண்டையை, யார் எங்கே மூச்சு விட்டார்கள் என்பது உட்பட, ஒரு வருஷம் கழித்தும் அப்படியே சொல்வாள். ஆட்டிசம் என்றார் டாக்டர். இப்படிப்பட்ட சில குழந்தைகளுக்கு ஞாபகம் அபாரமாக இருக்கும், அதை வேடிக்கை காட்டாதீர்கள் என்றும் சொன்னார். ஃபாலிஹ் முதல் வார்த்தையோடு காதை மூடிக்கொண்டார். அத்தைமார்கள் இது அல்லாஹ்வின் கொடை என்று ஓடி வந்து வேதம் ஓதிக் கொடுத்தார்கள். ஓதியதைத் திருப்பிச் சொன்னாள். ஓதி முடித்து அவர்கள் பேசிய ஊர்வம்பையும் திருப்பிச் சொன்னாள். அத்தைமார்கள் வருவது நின்றது.

அக்காவுக்கும் தங்கைக்கும் பேச்சு ஒரே விதம்தான். ஷதா எங்கோ கேட்டு வைத்திருந்த பேச்சில் முன்பாதியை ஸுந்துஸ் சொல்வாள். பின்பாதியை ஷதா சொல்வாள். சொல்லி முடித்ததும் ஒரு கணம், ஒரே கணம், அக்காவின் முகத்தைப் பார்ப்பாள்.

அன்றைக்குக் கையில் போனைக் கொடுத்து, பொம்மைப் படம் போட்டுவிட்டுப் பின்னறையில் உட்கார்த்தியிருந்தார்கள். கதவை வெறுமே சாத்தியிருந்தார்கள். படம் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. இன்டர்நெட்டும் போனது. படம் நின்றது.

கூடத்தில் தாமிர் காப்பி ஊற்றினான். ஹாஜி மிஸ்ஹர் கோப்பையை வாங்கி, உதட்டில் வைக்காமல், தரையில் வைத்தார். முறை அதுதான். வந்த காரியம் முடியாமல் காப்பியைத் தொடமாட்டார்கள்.

"ஹாஜி ஃபாலிஹ், உங்க வீட்டுக் காப்பிக்கு ஊர்ல நல்ல பேரு. ஆனா நாங்க ஒரு காரியமா வந்திருக்கோம். அது முடியாம இந்தக் கோப்பை கீழேதான் இருக்கும்."

இந்த ஊரில் பெண் கேட்க வருகிற பெரியவர்கள் எல்லோரும் சொல்கிற வார்த்தை. ஃபாலிஹ் தொண்டையைச் செருமினார். அவர் வாய் திறப்பதற்குள் திரை விலகியது.

ஷதா நடுக்கூடத்தில் நின்று, ஃபாலிஹ் செருமுவதுபோலவே செருமி, கனத்த குரலில் சொன்னாள்:

"குடிங்க காப்பியை. வந்த காரியம் முடிஞ்சுது. எங்க பொண்ணு இனி உங்க பொண்ணு."

முன்பாதியை யாரோ சொன்னார்கள். பின்பாதியைக் கொடுக்க வந்துவிட்டாள். அவ்வளவுதான்.

கூடம் சிரிப்பில் குலுங்கியது.

"அடிசக்கை! தகப்பனுக்கு முந்தி இவளே பொண்ணைக் குடுத்துட்டாளே!"

"டேய் முஹன்னத், உனக்கு வேலை சுலபமாயிடுச்சுடா!"

அடுக்களையில் நஜாத் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்து என்ன வரும் என்று அவளுக்கும் ஸுந்துஸுக்கும் தெரியும். அதுவும் வந்தது.

"ஹாஜி ரஹீம், இன்னும் என்ன யோசனை? குடிங்க."

சிரிப்பு நின்றது. மிஸ்ஹர் ஃபாலிஹைப் பார்த்தார்.

"யாருய்யா ரஹீம்?"

இரண்டு வருஷத்துக்கு முன்னால், பழைய தெருவில், ஸுந்துஸைப் பெண் கேட்டு வந்து, இதே ஃபாலிஹிடம் காப்பி வாங்கிக் குடித்துவிட்டுப் போனவர். மறுவாரம் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்தார்கள். முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்த ஷதாவைப் பார்த்தார்கள். அந்த ரத்தம் எங்களுக்கு வேண்டாம் என்று மோதிரத்தைத் திருப்பி அனுப்பினார்கள். அதற்கப்புறம்தான் ஃபாலிஹ் தெரு மாறினார்.

"இதுக்கு முந்தியே ஒருத்தருக்குக் காப்பி குடுத்தாச்சா இந்த வீட்ல?" என்றார் மிஸ்ஹர். "இந்தப் பொண்ணு யாரு, உங்க பொண்ணா?"

ஃபாலிஹ் ஷதாவைப் பார்க்கவில்லை. கையிலிருந்த தஸ்பீஹ் மாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"சேச்சே. பக்கத்து வீட்டுப் பிள்ளை. தாய் சந்தைக்குப் போயிருக்கா. அவங்க வீட்ல கேட்டதை இங்க வந்து உளறுது."

ஸுந்துஸ் திரைக்குப் பின்னால் நின்றாள். ஒரு வார்த்தை போதும். 'என் தங்கச்சி' என்றால் போதும். வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

மிஸ்ஹர் விவரம் தெரிந்தவர். ஃபாலிஹின் செருமலையும் கேட்டிருந்தார், இந்தச் செருமலையும் கேட்டிருந்தார். குழந்தையை வெகுநேரம் பார்த்தார். பிறகு முஹன்னத்தைப் பார்த்தார். முஹன்னத் தலையைக் குனிந்து, சம்மதம் என்று லேசாக அசைத்தான்.

"பக்கத்து வீட்டுப் பிள்ளைன்னா சரி," என்றார் நிதானமாக. "எப்பவும் பக்கத்து வீட்டுப் பிள்ளையாவே இருக்கட்டும். என்ன, ஹாஜி?"

"ஆமா," என்றார் ஃபாலிஹ்.

மிஸ்ஹர் கோப்பையை எடுத்துக் குடித்தார்.

ஸுந்துஸ் தலைத்துணியை முகம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து, குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். பின்னறையில் இறக்கிவிட்டு எதிரே மண்டியிட்டாள்.

"சொல்லுடி செல்லம். ஷதா யாரு? ஸுந்துஸோட..."

இந்தப் பேச்சு ஷதாவிடம் இல்லை. இதை யாரும் அவள் காதுபடச் சொன்னதே இல்லை. தொண்டையைச் செருமினாள்.

"சேச்சே. பக்கத்து வீட்டுப் பிள்ளை. தாய் சந்தைக்குப் போயிருக்கா."

சொல்லி முடித்து, அக்காவின் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். சரியாகச் சொன்னேனா என்பதுபோல.

இனி இது போகாது. பத்து வருஷமானாலும் போகாது.

கூடத்தில் நிச்சயத்துக்கு ஃபாத்திஹா ஓதத் தொடங்கிவிட்டார்கள். நஜாத் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றாள்.

"வாடி, சர்பத் எடுத்து வைக்கணும். அவ மறுபடி வெளிய வந்துடப் போறா."

ஸுந்துஸ் எழுந்தாள். ஷதா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். ஸுந்துஸ் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, வெளியே வந்து, கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினாள்.