அழைப்பு ரிமோட்

"அதை எடுக்காதடி, அவர் கையிலயே இருக்கட்டும்" என்று அம்மா சொன்னபோது, மகள், உயிர் போய்விட்ட அப்பாவின் விரல்களைப் பிரித்து ரிமோட்டைப் பாதி வெளியே இழுத்திருந்தாள். அப்படியே விட்டுவிட்டாள்.

வலது பக்கமும் வாயும் விழுந்துபோன இந்த நான்கு மாதமாக அப்பா பேசியதெல்லாம் அதில்தான். இடது பெருவிரலால் விசையைத் தள்ளினால் அவள் மேஜையில் பஸ்ஸர் அலறும். செய்து கொடுத்தவள் அவள்தான்.

"எந்தப் புள்ளைக்கு இப்படித் தோணும், சொல்லுங்க?" அப்பாவின் அக்காவான அத்தை வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். "அவன் அழுத்தினா போதும், இவ வந்து நிப்பா. குடுத்து வச்சவன் என் தம்பி."

மகளின் தலை இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. துக்கம் என்று பார்த்தவர்கள் நினைத்துக்கொண்டார்கள்.

கையகல ரோபோக்களைக் கூண்டுக்குள் மோதவிடும் போட்டிதான் அவளுக்குப் பைத்தியம். மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோலரைக் கடையில் வாங்க மாட்டேன், நானே செய்வேன் என்று பிடிவாதம். செய்ததெல்லாம் எரிந்தது. கருகல் வாடை ஹாலுக்கு வந்தால், பேச்சிருந்த காலத்தில் அப்பா கேட்பார்: "என்ன ஃப்யூஸு, இன்னைக்கு என்ன வறுவல்?"

கடைசியாக எரிந்தது, ரோபோவுக்குள் இருந்து ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவரையும் சேர்த்துக் கொண்டுபோய்விட்டது. இன்று மதியம் அம்மா மருந்துக் கடைக்குக் கிளம்பினாள். அப்பா நல்ல தூக்கம். கொஞ்ச நேரம்தானே என்று பஸ்ஸரிலிருந்த ரிசீவரைப் பிடுங்கிப் புதுக் கன்ட்ரோலரில் சொருகி, பாட்டரியை இணைத்தாள். புகை வரவில்லை. அந்தச் சந்தோஷத்தில் இருந்தபோதுதான், மேஜையில் மல்லாந்து கிடந்த ரோபோவின் சக்கரம் தானாக ஒரு துடி துடித்து நின்றது. மறுபடி துடித்தது. அப்புறம் நீளமாக, விட்டு விட்டு.

வீட்டில் செய்த போர்டு இப்படித்தான், எங்கிருந்தோ மின் இரைச்சல் உள்ளே வருகிறது என்று நினைத்தாள். பாட்டரியைக் கழற்றினாள். அந்த இரைச்சலை அடக்க நிதானமாக ஒரு கெப்பாசிட்டரைப் பற்றவைத்துத் திரும்ப மாட்டினாள். அதன் பிறகு சக்கரம் அசையவே இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று மேஜையைத் தட்டிச் சிரித்துக்கொண்டாள்.

அம்மாவின் அலறல் கேட்டு ஓடியபோது அப்பா கட்டில் விளிம்புக்கு வந்திருந்தார். முகம் அவள் அறைப் பக்கம்.

"உன்னைக் கூப்பிடலையாடி?" அம்மா ஒரே ஒரு தடவைதான் கேட்டாள்.

"பஸ்ஸர் அடிக்கலம்மா."

அதில் பொய்யே இல்லை.

"அப்போ தூக்கத்துலயே போயிட்டாரு" என்றாள் அம்மா. சாயங்காலம் வரைக்கும் அதையே எல்லோரிடமும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் முகம் கொஞ்சம் தெளிந்தது.

அப்பாவை எடுத்துப்போக வண்டி வருகிற நேரத்தில் எதிர்வீட்டுத் தையல்காரர் வந்தார். "கையில என்னங்க அது?"

"இவ செஞ்சதுதான், பாருங்களேன்." யாரும் தடுப்பதற்குள் அத்தை, அப்பாவின் பெருவிரலைப் பிடித்தே விசையைத் தள்ளினாள்.

மகளின் அறைக்குள் விர்ரென்று ஒரு சத்தம்.

"பஸ்ஸர் இப்படி அடிக்காதே" என்றாள் அம்மா. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

"ரோபோம்மா. பாட்டரி கழட்டாம வந்துட்டேன்" என்று மகள் எழுந்து போனாள்.

பஸ்ஸர் மேஜையின் ஓரத்தில் கிடந்தது. அதன் ஒயர்கள் எதிலும் சேராமல் தொங்கின. பாட்டரியின் இணைப்பைப் பிடித்தாள்.

"இன்னொரு தடவை பாருங்க" என்று ஹாலில் அத்தை சொல்வது கேட்டது.

சக்கரம் சுழன்றது. நின்றது. மறுபடி சுழன்றது. அவள் பாட்டரியைக் கழற்றவில்லை. உள்ளங்கையைச் சக்கரத்தின் மேல் வைத்தாள்.

கதவருகே அம்மா வந்து நின்றாள். அவள் கண் தொங்கும் ஒயர்களில் இருந்தது. மகள் திரும்பிப் பார்க்கவில்லை. கைக்கு அடியில் ரப்பர் உராய்ந்து சூடேறிக்கொண்டிருந்தது.